ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி, ஏவிஐஎஃப்: எந்தப் படத்துக்கு எந்த வடிவம்?

ஒரு ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக் கோப்பாகச் சேமித்து, அதிலுள்ள எழுத்துகளை 4 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் சாம்பல் நிறத் தூசி ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதையே பிஎன்ஜியாகச் சேமித்தால் தூசி இராது. பெரும்பாலும் கோப்பின் அளவும் குறைவாகவே இருக்கும். ஆனால் இலைகள் அடர்ந்த ஒரு மரத்தின் புகைப்படத்தைப் பிஎன்ஜியில் சேமித்தால், பார்வைக்கு எந்த முன்னேற்றமும் இன்றிக் கோப்பு மட்டும் பல மடங்கு பெருத்துவிடும். இரண்டில் எது உயர்ந்தது என்பதைப் படத்தில் இருக்கும் பொருளே தீர்மானிக்கிறது.

1992-இல் தரநிலையான ஜேபெக், படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் நிறங்களைத் துல்லியமாகவும், சட்டென்று மாறும் நுணுக்கங்களைத் தோராயமாகவும் பதிகிறது. வானத்திலும் முகத்திலும் புல்லிலும் இந்தத் தோராயம் கண்ணில் படுவதில்லை. வெள்ளைப் பரப்பில் நிற்கும் கறுப்பு எழுத்தின் விளிம்பிலோ அது அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். போதாக்குறைக்கு, பெரும்பாலான மென்பொருள்கள் ஒளிர்வை முழுமையாக வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் 4 பிக்சலுக்கு ஒரு மதிப்பாகக் குறைத்துவிடுகின்றன. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கலங்கித் தெரிவது இதனால்தான். பிஎன்ஜியின் வழி வேறு: திரும்பத் திரும்ப வரும் ஒழுங்குகளைத் தேடி, ஒரு பிக்சலும் மாறாதபடி சுருக்குகிறது. வரைபடம், சின்னம், அட்டவணை போன்றவற்றில் ஒரே நிறம் நீளமாகத் தொடர்வதால் அதற்கு வேலை எளிது. புகைப்படத்தில் அடுத்தடுத்த இரு பிக்சல்கள் அச்சாக ஒன்றுபோல இருப்பதே அரிது. சுருக்காத நிலையில் 36 மெகாபைட் பிடிக்கும் 12 மெகாபிக்சல் படத்தை ஜேபெக் சில மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். பிஎன்ஜி அதைப் பாதியாகக் குறைத்தாலே பெரிது.

ஒளிபுகும் பின்னணி தேவைப்பட்டால் ஜேபெக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதில் அந்த வசதி இல்லை; பிஎன்ஜியில் உண்டு. 1987-இல் வந்த ஜிஃப், ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்களுடன் நின்றுவிடுவதால், அசையும் சிறு படங்களைத் தவிர வேறெதற்கும் இன்று அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை.

புதியவற்றில், கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்பி, இழப்புள்ள சுருக்கம், இழப்பற்ற சுருக்கம், ஒளிபுகுதன்மை, அசைவு ஆகிய நான்கையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் அதன் இழப்புள்ள முறையில் நிறக் குறைப்பு கட்டாயம். படத்தின் எந்தப் பக்கமும் 16,383 பிக்சலைத் தாண்டவும் முடியாது. ஏவி1 காணொளிச் சுருக்கத்திலிருந்து பிறந்து 2019-இல் வெளிவந்த ஏவிஐஎஃப், கோப்பு மிகச் சிறிதாக இருக்க வேண்டிய இடத்தில் வெப்பியை வெல்கிறது. மாலை வானத்தின் நிறமாற்றத்தில் பட்டைகள் விழாமல் காப்பதில் அதற்கு நிகர் குறைவு. இதற்கு விலையாக, மாற்றுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. தோலின் நுண்துளை, துணியின் இழை போன்றவற்றை மெழுகிவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. இணையப் பக்கத்துக்கு ஏவிஐஎஃப்பும், அதைத் திறக்க முடியாத பழைய உலாவிகளுக்காக ஒரு ஜேபெக்கும் என்பது என் தேர்வு. பிறருக்கு அனுப்பும் கோப்பு, அவர்களிடம் என்ன மென்பொருள் இருக்கும் என்று தெரியாத நிலையில், ஜேபெக்காகவோ பிஎன்ஜியாகவோ இருப்பதே நல்லது. 2017 முதல் ஐபோன்கள் எடுக்கும் ஹெச்இஐசி படங்களுக்கும் இது பொருந்தும்: சேமிக்க அருமையான வடிவம், அனுப்பத் தொல்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது திசை. பிஎன்ஜியிலிருந்து ஜேபெக்குக்குப் போவது ஒருவழிப் பாதை. திரும்பிவந்தால் கோப்பின் அளவு கூடுமே தவிர, இழந்த நுணுக்கமும் ஒளிபுகுதன்மையும் மீளாது. தரத்தை 100 என்று வைத்தாலும் ஜேபெக் இழப்பற்றதாகிவிடாது. ஒரு மென்பொருளின் 80 இன்னொன்றின் 80 ஆகவும் இருப்பதில்லை. கோப்புப் பெயரின் பின்னொட்டை மாற்றினால் வடிவம் மாறிவிடும் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், பிஎன்ஜி கோப்பின் 2, 3, 4-ஆம் பைட்டுகளில் பி, என், ஜி என்ற ஆங்கில எழுத்துகளே இருக்கும். பல மென்பொருள்கள் அதைப் படித்துச் சமாளித்துவிடுவதால்தான் அந்த நம்பிக்கை பிழைத்திருக்கிறது. மாற்றி முடித்த கோப்பில் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நிறச் சுயவிவரம் உதிர்ந்திருந்தால், விரிந்த நிறவெளியில் எடுத்த படம் வெளிறித் தெரியும். கேமரா எழுதிவைத்த திசைக்குறிப்பு உதிர்ந்திருந்தால், செங்குத்தாக எடுத்த படம் படுத்துக்கொள்ளும்.

மூலப் படத்தை டிஃப் (TIFF) என்ற பட வடிவிலோ பிஎன்ஜியாகவோ தனியே வைத்துக்கொண்டு, தேவையான பிரதியை ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே எடுப்பது நல்லது. கையில் ஜேபெக் மட்டுமே இருந்து, அதைத் திருப்பினால் போதும் என்றால், மீண்டும் சுருக்காமல் கட்டங்களை மட்டும் இடம் மாற்றும் ஜேபெக்டிரான் போன்ற கருவிகள் இருக்கின்றன. படத்தின் அகலமோ உயரமோ கட்ட அளவான 8 அல்லது 16-இன் மடங்காக இல்லாதபோது, ஓரத்தில் எஞ்சும் சில பிக்சல்களை வெட்டிவிடும் தேர்வும் ஜேபெக்டிரானில் உண்டு. தாராளமாக வெட்டச் சொல்லலாம்.