மரியாயின் சேனையா, வின்சென்ட் டி போல் சபையா?

ஞாயிறு பூசை முடிந்ததும் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கத்து இளசுகள் கேட்பது இதைத்தான்: "பங்கில (கோவில் சமூகத்தில) ஏதாவது செய்யணும், எதில சேர்றது?" தலைப்பில் உள்ள இரண்டும் கத்தோலிக்கப் பங்குகளில் இயங்கும் அமைப்புகள்; இங்கே சுருக்கமாகச் சேனை, சபை.

தொடக்கம்: சேனை 1921, டப்ளின். சபை 1833, பாரிஸ். இரண்டையும் நடத்துவது குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினரே.

நேரம்: சேனையில் கிழமைக்கொரு கூட்டம், கூடவே இரண்டு மணி நேரப் பணி, முதல் மூன்று மாதம் பயிற்சிக் காலம். சபையிலும் கூட்டமும் வீடு சந்திப்பும் உண்டு, கெடுபிடி குறைவு.

காசு: இங்கேதான் பெரிய வித்தியாசம். பொருளுதவி கொடுக்கக்கூடாது என்பது சேனையின் விதி. சபையோ அதற்கென்றே இருப்பது. கூட்டத்தில் காசு போட ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

தோட்டத்து வீடொன்றுக்குப் போகிறீர்கள். பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை, பாட்டி படுத்த படுக்கை. சபைக்காரர் சப்பாத்துக்கு வழி பார்ப்பார். சேனைக்காரர் பாட்டியோடு செபமாலை சொல்லி, நன்மை (நற்கருணை) கொண்டுவரச் சுவாமியிடம் (பங்குக் குருவிடம்) சொல்லிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, வெறுங்கையோடு வருபவரிடம்தான் சனம் மனம்விட்டுப் பேசும்.

கணக்கு வழக்கு, அரிசி பருப்பு, பள்ளிக் கொப்பி என்று ஓடியாடப் பிடிக்குமென்றால் சபை. செபமும் ஒழுங்கும் வேண்டும், பேசத் தயக்கமில்லை என்றால் சேனை. வெளியே போக முடியாதவர்கள் சேனையில் துணை உறுப்பினராகி வீட்டிலிருந்தே செபிக்கலாம்.

எதுவானாலும் செவ்வாய் மாலைக் கூட்டம் வேண்டாம். அன்று பக்கத்துக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் திரளும் சனத்துக்குள் நேரத்துக்கு வந்து சேர முடியாது.