சிங்கப்பூரில் கூட்டம் முடிந்த பிறகு: எந்த நேரத்துக்கு எந்த இலவச இடம்?

அலுவலக வேலையாகச் சிங்கப்பூர் வருபவர்களுக்குக் காசைவிட நேரம்தான் தட்டுப்பாடு. இலவசமாகப் பார்க்க இந்த ஊரில் நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்று மாலை 6 மணிக்கு மூடும், இன்னொன்று 7.45 வரை தொடங்கவே தொடங்காது, வேறொன்று வார இறுதியில் திறக்கவே திறக்காது. எது அழகு என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி. ஒரு வசதி, இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் காலை 7 மணியை ஒட்டி உதித்து, மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. எந்த மாதம் வந்தாலும் கணக்கு மாறாது.

ஒரே ஒரு மாலைதான் என்றால்: மரினா பேயா, சதர்ன் ரிட்ஜஸா?

இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, இரண்டும் நடைதான். மற்றபடி ஒற்றுமை எதுவும் இல்லை.

மரினா பேயில் தரை சமதளம். அலுவலக ஷூவோடே நடக்கலாம். பார்க்க வேண்டியது இரண்டு ஒளிக்காட்சிகள். மரினா பே சாண்ட்ஸ் விடுதிக்கு முன்னால் நீர்க்கரையில் நடக்கும் ஸ்பெக்ட்ரா தினமும் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும், வெள்ளி, சனிக்கிழமைகளில் கூடுதலாக 10 மணிக்கும் உண்டு. கரையோரப் பூந்தோட்டங்களில் சூப்பர் மரங்கள் எனும் செயற்கை மரக் கோபுரங்களுக்கு அடியில் நடக்கும் கார்டன் ராப்சடி 7.45க்கும் 8.45க்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் மணி நேரம்.

பலரும் வரிசையில்தான் தவறுகிறார்கள். 7.45 காட்சியை முதலில் பார்த்தால் அது முடியும்போது 8 மணி ஸ்பெக்ட்ரா தொடங்கிவிட்டிருக்கும். அங்கே நடந்து போகக் கால் மணி நேரம் ஆகும் என்பதால் 9 மணிக் காட்சிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். மாற்றிப் போட்டால் எல்லாம் பொருந்துகிறது. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி 6.50 வாக்கில் சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையடிக்கு வாருங்கள். 8.6 மீட்டர் உயரச் சிலை; இருட்டும் நேரத்தில் பார்ப்பது உத்தமம். அங்கிருந்து ஜூபிலி பாலம், எஸ்பிளனேட் கலையரங்க முன்புறம், ஹீலிக்ஸ் பாலம் என்று விரிகுடாவைச் சுற்றி நடந்தால் அரை மணி நேரத்தில் மரினா பே சாண்ட்ஸின் நீர்க்கரை மேடைக்கு வந்துவிடலாம். 8 மணிக்கு ஸ்பெக்ட்ரா. 8.15க்குக் கிளம்பி, கடைத்தொகுதி வழியாக பேஃப்ரன்ட் எம்ஆர்டி நிலையத்துக்குள் இறங்கி, ‘பி’ வெளிவாயில் வழியே பூந்தோட்டத்துக்குப் போனால் 8.45 காட்சிக்கு நிதானமாக இடம் பிடிக்கலாம். மரத்தடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். நின்றபடி பார்த்தால் கழுத்து வலிக்கும். 25 முதல் 50 மீட்டர் உயர மரங்கள்.

ஸ்பெக்ட்ராவை மெர்லயன் பக்கமிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். லேசர் ஒளி தெரியும், உண்மைதான். ஆனால் தண்ணீர்த் திரையில் விழும் படங்கள் எதிர்க்கரைக்கு வந்து சேராது.

சதர்ன் ரிட்ஜஸ் வேறு மாதிரி. மவுண்ட் ஃபேபர், தெலுக் பிளாங்கா குன்று, ஹார்ட்பார்க், கென்ட் ரிட்ஜ் என்று குன்றுகளைக் கோத்து ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்கு ஓடும் பாதை. முழுவதும் நடக்கத் தேவையில்லை. ஹார்பர்ஃபிரன்ட் எம்ஆர்டியின் ‘டி’ வெளிவாயிலுக்கு அருகே மராங் பாதை தொடங்குகிறது. அதன் படிகளில் ஏறினால் ஃபேபர் குன்று. அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம். சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில், 274 மீட்டர் நீளத்துக்கு அலையலையாக வளைந்து போகும் மரத்தளப் பாலம் அது. பிறகு காட்டு மர உச்சிகளின் ஊடே இரும்பு நடைபாதை, கடைசியில் அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலம். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம்.

சிக்கல் என்னவென்றால் அந்த மராங் படிகள். இந்த ஊரின் ஈரக்காற்றில், முழுக்கைச் சட்டையும் மடிக்கணினிப் பையுமாக ஏறினால் மேலே போய்ச் சேரும்போது சட்டையைப் பிழியலாம். அதன் பிறகு வாடிக்கையாளரோடு இரவு விருந்துக்குப் போக முடியாது. 5 மணிக்குள் விடுபட்டு, விடுதிக்குப் போய் உடை மாற்றி, 5.30க்கு மலையடியில் இருக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இந்தப் பாதை. முடியுமானால், மரினா பேயைவிட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்லலாம். அங்கே கூட்டத்தில் ஒருவராக நிற்பீர்கள், இங்கே ஊரே காலடியில் கிடக்கும். 6 மணிக்கு மேல்தான் கிளம்ப முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மரினா பே.

மழை வந்தால் இரண்டும் போச்சு. இடி மின்னல் இருந்தால் ஒளிக்காட்சிகளை நிறுத்திவிடுவார்கள், பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களும் உண்டு. கிளம்பும் முன் அந்தந்த இணையதளத்தில் ஒரு பார்வை போதும். குன்றுப் பாதையில் மின்னலின்போது இருக்கவே கூடாது.

மாலை கிடைக்கவில்லை, காலைதான் என்றால்: பூமலை

சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. அதிகாலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும், நுழைவு இலவசம். 9 மணிக்குக் கூட்டம் என்றாலும் 6.45க்குள் உள்ளே நுழைந்தால் ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். நேப்பியர் எம்ஆர்டியில் இறங்கி டாங்ளின் வாசலில் நுழைந்து, பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி பக்கமாக வெளியேறுங்கள். போன வழியே திரும்பி வர வேண்டாம். வழியில் பழைய தெம்புசு மரம் ஒன்று இருக்கிறது. ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அதுதான். தாழ்ந்து படர்ந்த கிளையை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. இலவசப் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

மதிய இடைவேளை: தெலுக் ஆயரா, சவுத் பிரிட்ஜ் சாலையா?

அலுவலகம் நிதி வட்டாரத்தில் என்றால் இரண்டுமே நடக்கும் தூரம். தமிழர்களுக்கு ஈர்ப்பு சவுத் பிரிட்ஜ் சாலைதான். 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், சற்றுத் தள்ளித் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசலும் அங்கே இருக்கின்றன. ஆனால் கோயில் நடை நண்பகல் 12 மணிக்குச் சாத்தினால் மாலை 6 மணிக்குத்தான் திறக்கும். சாப்பாட்டு நேரத்தில் போனால் கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மதியத்துக்குத் தெலுக் ஆயர் தெருதான் பொருத்தம். இன்றைக்குக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் இந்தத் தெரு, கடலைத் தூர்ப்பதற்கு முன் கரையாகவே இருந்தது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி சொன்ன இடங்கள் வரிசையாக நிற்பது அதனால்தான். ஹொக்கியன் சீனர்களின் தியன் ஹொக் கெங் கோயில், அதே வரிசையில் நம் நாகூர் தர்கா, கோயிலின் மறுபக்கம் அல் அப்ரார் பள்ளிவாசல். 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்; அனுமதி இலவசம். நாற்பது நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம் என்பதால் பள்ளிவாசல்களை வேறு நாளுக்குத் தள்ளி வையுங்கள். ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும், கயிறு கட்டாத ஷூ வசதி.

வெயிலே ஆகாது என்பவர்கள் மேக்ஸ்வெல் சாலையில் இருக்கும் சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடத்துக்குப் போகலாம். நகர மறுசீரமைப்பு ஆணையக் கட்டடத்தில், நடுவட்டாரம் முழுவதையும் சிறு மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். குளிரூட்டிய அறை, இலவசம், மாலை 5 மணி வரை, ஞாயிறு விடுமுறை.

அரும்பொருளகங்களில் ஒரு பொறி உண்டு. தேசிய அரும்பொருளகம், தேசியக் கலைக்கூடம் எல்லாம் இலவசம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சலுகை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். வேலையாக வந்த வெளிநாட்டவர் டிக்கெட் எடுக்க வேண்டும்.

உயரத்திலிருந்து பார்க்க

மரினா பே சாண்ட்ஸ் உச்சியில் இருக்கும் காட்சித்தளம் கட்டணத்துக்குரியது. போட்டிக்கு இலவசமாக இருப்பது ராஃபிள்ஸ் பிளேஸ் அருகே, 280 மீட்டர் உயர கேபிடாஸ்பிரிங் கட்டடத்தின் 51ஆம் மாடித் தோட்டம். வார நாட்களில் மட்டும், காலை 8.30 முதல் 10.30 வரை, பிற்பகல் 2.30 முதல் 6 வரை. சுற்றுலாப் பயணிகளைவிட அலுவலகக்காரர்களுக்கு வாய்த்த நேரம் இது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே போய் வந்துவிடலாம். இரவு விளக்குகளைப் பார்க்க முடியாது என்பதுதான் குறை. அதற்கு எஸ்பிளனேட்டின் மொட்டைமாடி இருக்கிறது. உயரம் குறைவு, ஆனால் விரிகுடா முழுக்க எதிரே. கீழே அதன் கூடத்தில் பெரும்பாலான நாட்களில் இலவசக் கச்சேரியும் நடக்கும்.

கடைசி நாள், விமானத்துக்கு முன்: செந்தோசாவா, ஜுவலா?

செந்தோசா தீவுக்கு ரயிலில் போனால் கட்டணம். விவோசிட்டி கடைத்தொகுதி அருகே இருந்து கடல் மேல் நடைபாதையில் நடந்து போனால் இலவசம். உள்ளே பேருந்தும் கடற்கரைகளும் ஃபோர்ட் சிலோசோ ஸ்கைவாக்கும் காசில்லை. ஆனால் அது அரை நாள் வேலை. பெட்டியோடு போவது சரிப்படாது.

ஜுவல் என்ற கடைத்தொகுதி விமான நிலையத்திலேயே இருக்கிறது. 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவி, அதைச் சுற்றி மரங்கள், இரண்டுக்கும் கட்டணமில்லை. மேல்மாடிப் பூங்காவுக்கு மட்டும் உண்டு. அருவி இரவு 10 மணி வாக்கில் நின்றுவிடும், ஒளிக்காட்சிகள் 8 மணியிலிருந்து. நள்ளிரவு விமானம்தானே என்று 10.30க்கு வந்தால் காய்ந்த அருவியைத்தான் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். ஜுவல் குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. உள்ளே போய்விட்டால் திரும்ப வர முடியாது, ஆகவே முதலில் அருவி, பிறகு சோதனை. முதல் முனையத்தோடு நேரடியாக ஒட்டியிருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது முனையங்களுக்கு நடைபாலம் உண்டு. நான்காவது முனையத்தில் உங்கள் விமானம் என்றால் நடக்க வழியில்லை, இலவசப் பேருந்தில் போக வேண்டும். அதற்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.