ஜெர்மன் வழிப் படிப்புக்கு டெஸ்ட்டாஃபா, டி.எஸ்.ஹெச்.சா?

ஜெர்மனியில் ஆங்கில வழி முதுகலைப் படிப்பில் சேர்பவர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. ஜெர்மன் மொழியிலேயே விரிவுரை நடக்கும் துறைகளை நாடுகிறவர்கள் மொழித்திறனுக்குச் சான்று காட்ட வேண்டும். அதற்காகப் பரவலாக எழுதப்படுபவை டெஸ்ட்டாஃப், டி.எஸ்.ஹெச். என்னும் இரு தேர்வுகள். எது எளிது என்றுதான் மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். எந்த ஊரில் இருந்துகொண்டு தயாராகிறோம் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டெஸ்ட்டாஃப் 2001 முதல் நடத்தப்படும் பொதுத்தேர்வு. எல்லா நாட்டினருக்கும் வினாக்கள் ஒரே இடத்தில் உருவாகி, விடைகளும் ஒரே இடத்தில் திருத்தப்படுகின்றன. இந்தியாவில் இருந்தபடியே எழுதலாம். டி.எஸ்.ஹெச். தேர்வை ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் தத்தம் வளாகத்தில் நடத்துகின்றன. பல இடங்களில், மொழித்தேர்வில் தேற வேண்டும் என்ற நிபந்தனையுடன் சேர்க்கை பெற்றவர்களுக்கே அதில் இடம் கிடைக்கும்.

மதிப்பிடும் முறையில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. டெஸ்ட்டாஃபில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தனித்தனியே 3 முதல் 5 வரை நிலை தரப்படுகிறது. நான்கிலும் 4 என்பதே வழக்கமான எதிர்பார்ப்பு. நான்கும் சேர்ந்து 16 வந்தால் போதும் என்று ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அந்தச் சலுகை இல்லாத இடத்தில், மற்ற மூன்றில் 5 வாங்கியவரையும் கேட்டலில் வந்த ஒரு 3 தடுத்துவிடும். டி.எஸ்.ஹெச்.சில் எழுத்துத் தேர்வின் பகுதிகள் ஒன்றாகக் கூட்டப்படுவதால், கேட்டலில் இழந்ததை வாசித்தலில் ஈடுகட்ட முடியும். எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் 67 சதவீதத்தை எட்டினால், அத்தேர்வின் மூன்று நிலைகளில், பெரும்பாலான படிப்புகளுக்குப் போதுமான இரண்டாம் நிலை கிடைத்துவிடும். திறன்கள் ஏறுக்குமாறாக உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் டி.எஸ்.ஹெச்.சில் இலக்கணத்துக்கு நேரடியாக மதிப்பெண் உண்டு. ஆய்வு நடையில் அமைந்த வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறு அமைப்பில் மாற்றி எழுதச் சொல்வார்கள். துணை வாக்கியத்தின் வினைச்சொல் இறுதியில் வரும் என்பது தமிழில் வளர்ந்தவருக்கு அந்நியமாகத் தோன்றாது. பெயர்ச்சொல்லின் பால், வேற்றுமைக்கேற்ற விகுதி ஆகியவற்றில்தான் மதிப்பெண் கரையும். டெஸ்ட்டாஃபில் இலக்கணத்துக்கென்று தனிப் பகுதி இல்லை.

பேச்சுத்தேர்வும் வேறுபட்டது. டெஸ்ட்டாஃபில் எதிரே ஆள் இல்லாமல், கணினி காட்டும் ஏழு பணிகளுக்குக் குறித்த நொடிகளுக்குள் ஒலிவாங்கியில் பதில் சொல்ல வேண்டும். டி.எஸ்.ஹெச்.சில் தேர்வாளர்களுடன் அதிகபட்சம் 20 நிமிடம் உரையாடல். புரியாததைத் திருப்பிக் கேட்கலாம். கருத்தரங்குகளில் வாய் திறக்க இந்த இரண்டாவது பழக்கமே உதவும் என்று நம்புகிறேன்.

இத்தனை நன்மைகள் இருந்தும், சென்னையிலோ கோவையிலோ இருந்து விண்ணப்பிப்பவருக்கு டெஸ்ட்டாஃபையே பரிந்துரைப்பேன். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். டி.எஸ்.ஹெச்.சை நம்பி விமானம் ஏறுபவர், தேறும்வரை அங்கே தங்கும் செலவையும் ஏற்க வேண்டும். மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறித்த தொகையை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஓராண்டுக்குக் காட்ட வேண்டிய தொகையே 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. ஏற்கெனவே அங்கு வசித்து, பல்கலைக்கழக மொழி மையத்தின் ஆயத்த வகுப்பில் இடமும் பெற்றவர் டி.எஸ்.ஹெச். எழுதலாம். குளிர்காலப் பருவத்துக்கான விண்ணப்பம் பல இடங்களில் ஜூலை 15-இல் முடிகிறது. டெஸ்ட்டாஃப் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதை ஏப்ரலுக்குள் எழுதிவிடுவது நல்லது.