ஒரே மேசையில் எல்லோரும்: வெள்ளவத்தையில் என் பேரனைப் பார்த்த சிகிச்சை நிலையம்

என் பேரனுக்கு இப்போது நான்கு வயது தாண்டிவிட்டது. மகளின் பிள்ளை. மருமகன் கட்டாரில், மகள் கோட்டையில் ஒரு வங்கியில். ஆகவே பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப்போவது என் பொறுப்பு. நான் மத்திய தபால் பரிமாற்றகத்தில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறோம். பேச்சு பிந்திய பேரனை நாங்கள் காட்டிய சிகிச்சை நிலையத்தைப் பற்றி, எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டார் "அந்த இடம் எப்படி?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

நிலையம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் ஏற்கெனவே நீளமாக இருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து முன்பள்ளி டீச்சர்மாரிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தெரியவந்தது.

முதலில், அங்கே போவதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று வயதும் நான்கு மாதமும் ஆனபோது பேரனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வரவில்லை. நான்கு இடங்களுக்குப் போனோம். ஒரு இடத்தில், "வீட்டில் தமிழ், முன்பள்ளியில் இங்கிலிஷ், பக்கத்து வீட்டில் சிங்களம், பிள்ளை குழம்பிப்போயிருக்கிறது. இனி இங்கிலிஷ் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். இன்னொரு இடத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஓட்டிசமாக இருக்கலாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் தடிமனுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நான்காவது இடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் பட அட்டையைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள்.

எல்லோரும் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. தெரியப்படுத்த வேண்டியவன் நான். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்வேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று விடுபடும், ஏதாவது ஒன்று கூடும். ஒரு இடத்தில் "காது கேட்கிறதா?" என்று கேட்டபோது, "நன்றாகக் கேட்கும், சொக்லேட் பேப்பர் சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான்" என்று உறுதியாகச் சொன்னேன். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு பதிலால் எங்களுக்கு எத்தனை மாதம் போனது என்று நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது.

அதைவிடப் பெரிய வேதனை என் மனைவிக்கு. அவளுக்கு இங்கிலிஷ் வராது. இங்கிலிஷ் மட்டும் பேசச் சொன்ன நாளிலிருந்து பேரனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கதை சொல்லிச் சொல்லிச் சோறு ஊட்டுகிறவள், வாய் திறக்காமல் ஊட்டினாள். ஐந்து மாதம் எங்கள் வீட்டுச் சமையலறை அப்படி இருந்தது.

சரி, இனி நிலையத்துக்கு வருகிறேன்.

பதிவு செய்ததும் ஏழு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்கிடையில் அவர்களுடைய சமூக சேவையாளர் தொலைபேசியில் அழைத்து நாற்பது நிமிடம் பேசினார். கர்ப்ப காலம், பிரசவம், நோய்கள், வீட்டில் யார் யார், யார் எந்த மொழி, பிள்ளை யாரோடு அதிக நேரம் இருக்கிறான் என்று எல்லாம் கேட்டு எழுதினார். அப்புறம் வேறு யாரும் அதே கேள்வியைக் கேட்கவேயில்லை. நேரில் போனபோது ஒவ்வொருவர் கையிலும் அந்தக் குறிப்பு இருந்தது. கிளினிக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எடை வரைபடத்தோடு நிறுத்திவிடாமல், வளர்ச்சிப் படிகளுக்கான பக்கங்களையும் பார்வை, கேட்டல் பற்றிய கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். அந்தப் பக்கங்களை நாங்கள் அதுவரை ஒழுங்காக நிரப்பியிருக்கவில்லை.

முன்பள்ளியோடு பேசுவதற்கு முன் மகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினார்கள். எதை யாருக்குச் சொல்வோம், எதைச் சொல்ல மாட்டோம் என்று ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிப்போம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். முதலில் மகளுக்கு முகம் மாறியது. பிறகு, "முன்கூட்டியே சொன்னது நல்லது" என்றாள்.

இரண்டு காலை நேரங்களில் தனித்தனிப் பரிசோதனைகள் முடிந்தன. அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டுச் சந்திப்பு. இந்த நிலையத்துக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

நீள மேசை. சிறுவர் வைத்தியர், பேச்சுச் சிகிச்சையாளர், ஓ.டி. மிஸ் (அன்றாடச் செயல்களைப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சையாளர்), காது பரிசோதித்த ஒடியோலஜிஸ்ட், சமூக சேவையாளர். எங்கள் பக்கம் மகள், நான், முன்பள்ளி டீச்சர். பேரன் அடுத்த அறையில் உதவியாளரோடு கட்டைகள் அடுக்கிக்கொண்டிருந்தான். வைத்தியர்தான் தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் டீச்சரைப் பார்த்து, "நீங்கள்தான் இவனைத் தினமும் பார்க்கிறீர்கள், முதலில் சொல்லுங்கள்" என்றார்.

டீச்சர் ஒரு கொப்பி கொண்டுவந்திருந்தார். பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கையசைத்துப் பாடுகிறான். பின்வரிசையில் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, ஒரு கணம் பிந்தித்தான் செய்கிறான். தகரக் கூரையில் மழை பெய்தால் கூப்பிட்டாலும் வருவதில்லை. தடிமன் வந்துபோன வாரங்களில் இன்னும் மோசம். இதையெல்லாம் அவர் இரண்டு மாதமாகத் திகதி போட்டு எழுதி வைத்திருந்தார். அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை.

உடனே ஓ.டி. மிஸ், "நானும் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் வந்ததும் என் வாயையே பார்த்தான்" என்றார். ஒடியோலஜிஸ்ட் ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் வைத்தார். செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கிற டிம்பனோகிராம். நல்ல காது என்றால் கோடு மலைபோல எழும்புமாம். பேரனுக்கு இரண்டு காதிலும் கோடு படுத்துக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறது என்றார். தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கேட்பது மாதிரிதான் இவனுக்குக் கேட்கிறது, ஒரு நாள் கொஞ்சம் கூட, ஒரு நாள் கொஞ்சம் குறைய. சொக்லேட் பேப்பரைப் பற்றிக் கேட்டேன். சில சத்தம் எட்டும், பேச்சு தெளிவாக எட்டாது என்று பொறுமையாக விளக்கினார்.

இதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. நான்கு இடங்களில் எட்டு மாதமாகச் சேராத துண்டுகள், இருபது நிமிடத்தில் சேர்ந்துவிட்டன.

அவர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவும் இல்லை. ஓ.டி. மிஸ் வாராந்தம் தன்னிடமும் வர வேண்டும் என்றார். பேச்சுச் சிகிச்சையாளர், "இப்போது இரண்டையும் தொடங்கினால் பிள்ளையும் களைத்துப்போவான், தாத்தாவும் களைத்துப்போவார்" என்றார். எங்கள் முன்னாலேயே பேசி, மூன்று மாதம் பேச்சு மட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஓட்டிசம் பற்றி மகள் கேட்டாள். கேட்கும் திறன் சரியாகாமல் அதைத் தீர்மானிக்கக் கூடாது, பிறகு கட்டாயம் திரும்பப் பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கடைசியாக மொழி. எந்த மொழியை விட வேண்டும் என்று கேட்டோம். "ஒன்றையும் விட வேண்டாம். பல மொழி கேட்பதால் பேச்சு பிந்தாது. யாருக்கு எந்த மொழி இயல்பாக வருமோ அவர் அதில் பேசட்டும். வீட்டில் இவனோடு அதிகம் பேசக்கூடியவர் அம்மம்மா. அவரை நிறுத்தாதீர்கள்" என்றார் பேச்சுச் சிகிச்சையாளர். மகள் அழுதுவிட்டாள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் பேரனைத் தன் முகத்துக்கு நேரே உட்கார வைத்து, பாட்டி வடை சுட்ட கதையைத் தொடங்கினாள்.

சந்திப்பு முடிவில் ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். யார், என்ன, எப்போது என்று மட்டும் அதில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நீர் தானாகவே வற்றிவிடும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. நாங்கள் டிவியை நிறுத்திவிட்டு, கிட்டப் போய், முகம் பார்த்துப் பேச வேண்டும். டீச்சர் முன்வரிசையில் உட்கார வைத்து, தோளைத் தொட்டுவிட்டுப் பேச வேண்டும். முன்பள்ளிக்குப் போன பிரதியில் குடும்ப விடயங்கள் இருந்த பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். சம்மதம் வாங்கியபோது சொன்னதை அப்படியே செய்தார்கள்.

மூன்று மாதத்தில் வலது காது சரியானது, இடது காது ஆகவில்லை. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார்கள். அரச வைத்தியசாலை என்பதால் காதில் சிறு குழாய் வைத்த சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்த வைத்தியர் கடிதத்தை முழுதாக வாசித்தார், நான் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது பேரன் மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசுகிறான். 'க' இன்னும் வரவில்லை. அதனால் காக்கா அவன் வாயில் 'தாத்தா' ஆகிவிடுகிறது. பேச்சுச் சிகிச்சை தொடர்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். அறிக்கை முதலில் இங்கிலிஷில் மட்டும்தான் வந்தது. தமிழில் கேட்டோம், இரண்டு வாரம் சென்றது. அம்மம்மாவும் வாசிக்க வேண்டிய தாள் அது, கேட்காமலே தமிழில் தர வேண்டும். நிலையம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுவந்த ஒரு தாய் படியடியில் நின்று உதவி கேட்டதைப் பார்த்தேன். தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர்தான், அவரும் செவ்வாய், சனி மட்டும். இதற்கு நிலையத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நாட்டில் இந்தப் பட்டப்படிப்பு ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நடக்கிறது. அங்கே படிக்கத் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் அதிகம் போக வேண்டும்.

எனக்கு மிகவும் மனத்தாங்கலானது டீச்சர் விடயம். அவர் அரை நாள் சம்பளத்தை விட்டுத்தான் வந்தார். ஆட்டோ காசை நாங்கள் கொடுத்தோம், அரை நாளுக்கு யார் கொடுப்பது? அவர் வராமலிருந்தால் அந்தச் சந்திப்பில் பாதி இல்லை. சந்திப்பை முன்பள்ளி விட்ட பிறகு வைக்கலாம், இல்லாவிட்டால் முன்பள்ளியிலேயே வைக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதேபோல, பிறந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்து பேரனைப் பார்த்த மிட்வைஃப் மிஸ்ஸையும் அழைத்திருக்கலாம். அவர் கண்ணுக்கு எட்டுகிற எத்தனையோ வீடுகளில் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள்.

காசு: பரிசோதனைகளும் கூட்டுச் சந்திப்பும் சேர்த்து எங்களுக்கு 38,000 ரூபாய் ஆனது. சிறிய தொகை இல்லை. முந்தைய நான்கு இடங்களில் செலவானது அதைவிடக் கூட. முடியாதவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், சமூக சேவையாளரிடம் கேட்க வேண்டும். அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

போகிறவர்களுக்கு: கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்தால் புறக்கோட்டைக்கு வந்து 100 அல்லது 101 பஸ் எடுங்கள். பதிவு செய்யும்போதே தமிழ் அறிக்கை வேண்டும் என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். காத்திருக்கிற ஏழு வாரத்தில் டீச்சரிடம் ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் கொடுத்து, பிள்ளை எப்போது திரும்பிப் பார்க்கிறான், எப்போது பார்க்கவில்லை என்று திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.