கேப்னோஸ்டாட் 5: டெட் ஸ்பேஸ் அளக்க வாங்கலாமா?

ஹாமில்டன் வென்டிலேட்டரில் டெட் ஸ்பேஸ் (வாயுப் பரிமாற்றத்தில் சேராமல் வீணாகும் காற்று) பார்க்க, மூச்சுப் பாதையிலேயே கார்பன் டை ஆக்சைடை அளக்கும் இந்த மெயின்ஸ்ட்ரீம் சென்சார்தான் வேண்டும். காற்றை மெல்லிய குழாயில் உறிஞ்சி அளக்கும் சைட்ஸ்ட்ரீமில் எண்ட்-டைடல் (வெளிமூச்சின் முடிவில் உள்ள) அளவும் அலையும் வரும். வெளியேறும் காற்றின் கொள்ளளவோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக் காட்டும் வால்யூமெட்ரிக் கேப்னோகிராஃபி வராது.

திரையில் ஓடும் விடிஏடபிள்யூ (VDaw) வெறும் மூச்சுவழியின் டெட் ஸ்பேஸ். ஏஆர்டிஎஸ் (கடுமையான நுரையீரல் செயலிழப்பு) நோயாளிக்கு நமக்கு வேண்டியது நுரையீரலுக்குள் வீணாகும் காற்றும் சேர்ந்த எண். அதற்கு ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுத்து, தமனி அளவையும் வெளிமூச்சின் சராசரி அளவையும் ஒப்பிடும் எங்ஹாஃப் கணக்குப் போட வேண்டும். டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் காற்றளவு) 400 மி.லி., ரேட் நிமிடத்துக்கு 20 மூச்சு, நிமிடத்துக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 200 மி.லி. என்று வையுங்கள். ஒரு மூச்சுக்கு 10 மி.லி., அதாவது 2.5%. இதை 713-ஆல் (வளிமண்டல அழுத்தம் 760 mmHg-இல் நீராவிக்கு 47 போக) பெருக்கினால் சுமார் 17.8. தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு 45 என்றால் (45 − 17.8) ÷ 45 = 0.60. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் மதிப்பு பெரிது: 2002-இல் வெளியான, 179 ஏஆர்டிஎஸ் நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், இந்த எண் 0.05 கூடும்போதெல்லாம் இறப்புக்கான ஆட்ஸ் (இறப்பவர், பிழைப்பவர் விகிதம்) 45% கூடியது. ஷண்ட் (காற்றைத் தொடாமலே நுரையீரலைக் கடக்கும் ரத்தம்) அதிகமிருந்தாலும் எண் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

மாட்டும் வரிசை: நோயாளியின் மூச்சுக்குழாயில் உள்ள ட்யூப், கேப்னோஸ்டாட் அமரும் அடாப்டர், ஃப்ளோ சென்சார், வென்டிலேட்டர் குழாய்கள் சேரும் ஒய்-பீஸ். அடாப்டரின் கண்ணாடி ஜன்னல் செங்குத்தாக நிற்கட்டும். படுத்திருந்தால் சளியும் நீரும் அதில் தேங்கி அளவு பிசகும். அடாப்டர் வகை மாறினால் ஜீரோ செய்யுங்கள், நோயாளி மூச்சும் உங்கள் மூச்சும் படாத இடத்தில். முழுத் துல்லியத்துக்குச் சுமார் 2 நிமிடம் சூடாக வேண்டும்.

பெரியவர் அடாப்டர் சேர்ப்பது 5 மி.லி.-க்கும் குறைவு, கவலையில்லை. ஆனால் ட்யூபுக்கும் சென்சாருக்கும் நடுவே 60 மி.லி. கொள்ளளவுள்ள ஹெச்எம்இ (மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் தக்கவைக்கும் ஃபில்டர் போன்ற துண்டு) இருந்தால், 360 மி.லி. டைடலில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே போகிறது. விடிஏடபிள்யூ திடீரென்று அதிகமாகத் தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஹீட்டட் ஹியூமிடிஃபையருக்கு மாற்றினாலே எண் இறங்கும்.

கஃப் லீக் (ட்யூபைச் சுற்றிய பலூன் வழியே கசிவு) இருந்தால் வெளிமூச்சு முழுதாகச் சென்சாரை எட்டாது. அந்த எண்ணை எழுதவே வேண்டாம். என்ஐவி (ட்யூப் இல்லாமல் தரும் வென்டிலேஷன்) மாஸ்க்கிலும் இதே கதைதான். பீப் (வெளிமூச்சின் முடிவிலும் நிற்கும் அழுத்தம், PEEP) அல்லது ரேட் மாற்றியவுடன் எடுத்த அளவும் பொய் சொல்லும், உடலில் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு சமநிலைக்கு வர நேரமாகும். குறைந்தது அரை மணி நேரம் விட்டு, ரத்தம் இழுக்கும் அதே நிமிடத்துத் திரை எண்ணைக் குறியுங்கள்.

குறை என்றால் எடைதான். ட்யூபை இழுக்கும், வென்டிலேட்டர் குழாய்களைத் தாங்கும் ஆர்மில் தாங்கு கொடுத்தே மாட்டுங்கள்.