குட்டைக்கு ஏன் குட்டை என்று பெயர்? திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் இணையப் பதிப்பு: ஒரு மதிப்புரை

எங்கள் ஊரில் ஏரி ஒன்றும் குட்டைகள் இரண்டும் உண்டு. உயரம் குறைந்தவரைக் குட்டை என்பதுபோல, பரப்புக் குறைந்த நீர்நிலையையும் குட்டை என்கிறோம் என்றே சிறு வயது முதல் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு என்று எனக்குக் காட்டியது, மொழியியல் அறிஞர்கள் தாமஸ் பரோவும் மரே எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி. 1961இல் முதலில் வெளிவந்து 1984இல் திருத்திய பதிப்பாக மீண்டும் அச்சேறிய இந்நூலைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் கட்டணம் ஏதுமின்றி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. சில மாதங்களாக இதை நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்தை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட எண்ணிட்ட பதிவுகள் இதில் உள்ளன. ஒவ்வொரு பதிவும் ஒரு சொற்குடும்பம். தமிழ்ச் சொல் இருந்தால் அது முதலில் நிற்கும். தொடர்ந்து மலையாளம், கோத்தம், தோடம், கன்னடம், துளு, தெலுங்கு என்று நகர்ந்து, கோண்டி, குயி, குடுக் மொழிகளைக் கடந்து, பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி வரை, கிடைத்த இன மொழிச் சொற்கள் வரிசையாக வரும். குட்டையைத் தேடினால் 1669ஆம் பதிவு கிடைக்கிறது. அங்கே அது தனியாக இல்லை. ஆழம் என்றும் குளம் என்றும் பொருள்படும் குட்டம், பள்ளத்தையும் தடாகத்தையும் குறிக்கும் குண்டம், ஆழத்தையும் குழியையும் எருக்குழியையும் குறிக்கும் குண்டு ஆகியவற்றோடு சேர்ந்து நிற்கிறது. உயரக் குறைவைக் குறிக்கும் குட்டையோ வேறொரு பதிவில், சிறுமைப் பொருள் தரும் சொற்களோடு இருக்கிறது. ஒலியால் ஒன்றாகிவிட்ட இரண்டு சொற்களை நாம் ஒரே சொல்லாக எண்ணி வந்திருக்கிறோம். நீர் நிற்கும் குட்டைக்குப் பெயர் வந்தது அதன் சிறுமையால் அன்று, அதன் பள்ளத்தால்.

இதைப் படித்த அன்று, குண்டும் குழியுமான சாலை என்று நாள்தோறும் நாம் சொல்லும் தொடர் எனக்கு வேறு விதமாகக் கேட்டது. அந்தத் தொடரில் வரும் குண்டு உருண்டையான எதையும் குறிப்பதில்லை. அது இந்தப் பழைய பள்ளமே. சங்கப் பாடல்களில் ஆழமான அகழிக்கு அடைமொழியாக வரும் குண்டும் இதுவே. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பொருள், நூலோர் கைவிட்ட பின்னும், மழைக்காலத்துச் சாலையைப் பழிக்கும் வாயில் உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுக்கும் ஒரு தளத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதே பதிவில் தெலுங்கின் குண்டவும் கன்னடத்தின் குண்டெயும் இருக்கின்றன. இவற்றின் டகரத்தைப் பட்டு என்பதில் வருவதுபோல் வன்மையாக ஒலிக்க வேண்டும். நாம் குளம் குட்டை என்று இணைத்துச் சொல்வதைப் போலவே, தெலுங்கர் செருவுலு குண்டலு என்றும், கன்னடர் கெரெ குண்டெ என்றும் இணைத்துச் சொல்கிறார்கள். மூன்று மொழிகளிலும் முதற்சொல் வேறு வேறாக இருக்க, இரண்டாவது சொல் ஒரே குடும்பமாக இருப்பதைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சியை எந்தத் தனிமொழி அகராதியும் தர முடியாது.

ஊர் நடைமுறையும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. ஏரி என்றால் கரை வேண்டும், பாசனத்துக்கு மதகு வேண்டும், மிகுநீர் வழியக் கலிங்கு வேண்டும். எங்கள் குட்டைகளுக்கு இவை எதுவும் இல்லை. மண்ணை வெட்டி எடுத்த பள்ளத்தில் மழைநீர் தேங்குகிறது, ஆடு மாடுகள் இறங்கிக் குடிக்கின்றன, கீற்று முடைவதற்கு முன் தென்னை மட்டைகளை அதில் ஊறப்போடுகிறார்கள். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்ற வழக்கு அந்த வேலையிலிருந்து பிறந்தது. இன்று வயலின் ஓரத்தில் இயந்திரம் கொண்டு தோண்டும் பண்ணைக்குட்டைக்கும் அந்தப் பெயர் பொருந்துவதற்குக் காரணம், அதுவும் தோண்டிய பள்ளமாக இருப்பதே.

குறைகளையும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள்கூட இங்கே தமிழ் எழுத்தில் இல்லை. மேலும் கீழும் குறியிட்ட உரோமன் எழுத்துகளிலேயே எல்லாம் இருக்கின்றன. புதிதாக வரும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இந்த எழுத்துமுறைக்கும் மொழிப்பெயர்ச் சுருக்கங்களுக்கும் கண் பழகும் முன்பே சலித்துப்போகக்கூடும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இச்சொற்கள் ஏன் ஒரே குடும்பம் என்பதற்கான காரணத்தைத் தொகுத்தவர்கள் எழுதுவதில்லை. மூல வடிவம் எது என்று மீட்டுருவாக்கித் தருவதும் இல்லை. இலக்கிய மேற்கோள்களும் கிடையா. சொற்களை அடுக்கி வைத்துவிட்டு, முடிவைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறார்கள். அறிஞருக்கு அது நேர்மையான முறை. பொதுவாசகருக்கோ இரண்டு வரி விளக்கம் இருந்திருந்தால் பேருதவியாக இருந்திருக்கும்.

மேலும், இது வேர்களின் அகராதி என்பதால் தொகைச்சொற்களுக்கு இதை நம்பி வரக்கூடாது. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து ஊருணி என்ற சொல்லுக்கு, அதே தொகுப்பிலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைத் திறப்பதே சரியான வழி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்த நூலில் தலைச்சொல் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. பொருளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. ஊர் என்பதும் உண் என்பதும் சேர்ந்தது ஊருணி. ஊரார் குடிக்க நீர் எடுக்கும் இடம் என்பது பொருள். உலக நலத்தை விரும்பும் பேரறிவாளனின் செல்வத்துக்கு ஊருணியில் நீர் நிறைந்ததை 215ஆம் குறள் உவமையாக்கியபோது, வெறும் குளத்தைச் சொல்லாமல் குடிநீர்க் குளத்தைத் தேர்ந்தது என்பது அந்தப் பிரிப்பைப் பார்த்த பின்பே எனக்கு முழுமையாக விளங்கியது. பேச்சு வழக்கில் ஊரணி என்று திரிந்த வடிவம் இந்த உண்ணுதலை மறைத்துவிடுகிறது.

இரண்டு அகராதிகளையும் அடுத்தடுத்த சாளரங்களில் திறந்து வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. முதலில் லெக்சிகனில் சொல்லின் பொருளையும் எழுத்தையும் உறுதி செய்துகொண்டு, பிறகு பரோ, எமனோவிடம் அதன் உறவினரைத் தேடலாம். சொல் தெரியாதபோது, குளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துப் பதிவுகளின் உள்ளே தேடினாலும் நீர்நிலைப் பெயர்கள் கொத்தாக வந்து நிற்கும். தமிழ் கற்பிப்பவர்கள் ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கி, தங்கள் ஊர் நீர்நிலையின் பெயரைப் பிள்ளைகளையே இப்படித் தேடச் செய்ய வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.