கதவில் ஒட்டும் காந்த அலாரம்: ஏழு மாத அனுபவம்

என் பையனுக்கு வயது 12. அறிவுசார் குறைபாடு, நடுத்தர அளவு. பேச்சு நான்கைந்து சொற்கள்தான். ஆனால் தாழ்ப்பாள் திறக்க மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு எழுந்து வெளியே போய்விடுவான். மூன்று வருடமாக நான் வாசற்கதவை ஒட்டிப் படுத்து, கதவில் முதுகைக் கொடுத்துத்தான் தூங்கினேன். தூக்கம் என்று சொல்வதுகூட அதிகம்.

பூட்டிச் சாவியை எடுத்து வைக்க வேண்டியதுதானே என்பார்கள். வைத்தோம். ஒரு நாள் அடுப்படியில் துணி பற்றிக்கொண்டு வீடு முழுக்கப் புகை. கை நடுங்க நடுங்கச் சாவியைத் தேடினேன். அதோடு பூட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று. அப்புறம்தான் இதை வாங்கினோம்.

இரண்டு துண்டுகள். காந்தத் துண்டு கதவில், இன்னொன்று நிலையில். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கதவு திறந்தால் அவை பிரிந்து அலாரம் அடிக்கும். இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்குமேல் இடைவெளி கூடாது. எங்கள் கதவு கொஞ்சம் இறங்கியிருந்ததால் அட்டையை மடித்து அடியில் வைத்து ஒட்ட வேண்டியிருந்தது.

பெட்டியில் 120 டெசிபல் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். திருடனுக்குச் சரி. சத்தம் என்றாலே மிரளும் பிள்ளைக்கு? முதல் ராத்திரி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன், தலையைச் சுவரில் இடிக்க ஆரம்பித்துவிட்டான். விடியும்வரை அவனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பக்கவாட்டுச் சுவிட்சை இன்னொரு பக்கம் தள்ளினால் மெல்லிய மணி மட்டும் அடிக்கும் என்பதை நான்காம் நாள்தான் பார்த்தேன். என் தப்புதான். ஆனாலும் அதைப் பெட்டியின் மேலேயே பெரிதாகப் போட்டிருக்கலாம்.

மணிக்கு மாற்றியபின் பக்கத்து அறையில் கட்டிலில் படுத்தேன். முதல் முறை ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கிவிட்டு, மணி ஏன் அடிக்கவில்லை என்று பதறி எழுந்து ஓடினேன். அவன் படுக்கையில்தான் இருந்தான்.

பெரிய குறை ஒன்று உண்டு. உள்ளே இருப்பது மூன்று பொத்தான் பேட்டரிகள், மூடிக்குத் திருகாணி கிடையாது; நகத்தால் தள்ளினாலே திறக்கிறது. என் பையன் இந்த வயதிலும் கையில் கிடைத்ததை வாயில் போடுவான். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். நான் மூடியைச் சுற்றிக் கெட்டியாக டேப் ஒட்டியிருக்கிறேன். வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

போன மாதம் மருத்துவர் என்னிடம் மறுபடியும் ஜாரிட் கேள்வித்தாளைக் கொடுத்தார். பராமரிப்பவரின் சுமையை அளப்பது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. முதலில் மறதி நோயுள்ள முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக உருவானதாம். அதில் தூக்கம் பற்றி நேரடியாக ஒரு கேள்வியும் இல்லை! உடல்நலம் கெட்டதா என்பதற்குப் போன வருடம் 4 போட்டிருந்தேன், இப்போது 2. பார்த்துக்கொள்ளப்படுபவரின், அதாவது என் பையனின், வருங்காலத்தை நினைத்துப் பயமா என்பதற்கு அன்றும் 4, இன்றும் 4. அலாரத்திடம் அதையும் எதிர்பார்க்க முடியாது, சரி.

ஐந்தாம் மாதம் ஒரு விடிகாலை கதவு விரியத் திறந்து கிடந்தது, மணி அடிக்கவே இல்லை. பையன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நிலையின் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் ஏறி, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறான். இரண்டு படி வேலையை வரிசையாகச் செய்யவைக்க அவனுடைய சிறப்பாசிரியை ஒரு வருடமாகப் போராடிக்கொண்டிருக்கிறார். எனக்கு அடிவயிறு கலங்கியது, சிரிப்பும் வந்தது. அன்று மத்தியானமே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

இப்போது அலாரம் நிலையின் உச்சியில், அவனுக்கு எட்டாத உயரத்தில். முக்காலி என் கட்டிலுக்கு அடியில். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். மூடிக்கு ஒரு திருகாணி வைத்தால் நாலரை கொடுப்பேன்.